15 ஆயிரத்துக்குள் மலைச் சைக்கிள்: கடையில் எதைத் தொட்டுப் பார்ப்பது?

என் முதல் கியர் சைக்கிள், முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த ரெட்டை ஷாக் வண்டி. பார்க்க புல்லட் மாதிரி இருந்தது. தருமபுரி பக்கம் வத்தல்மலை ஏற்றத்தில், மிதித்த மிதியில் பாதியைப் பின் ஸ்பிரிங்கே தின்றது. எட்டு மாதத்தில் அந்த ஷாக் இணைப்பில் இருக்கும் புஷ் என்ற வளையம் தேய்ந்து பழைய கட்டில் போலக் கிரீச்சிட்டது. அதனால் 15,000 ரூபாய்தான் கையில் என்றால் பின் ஷாக் வேண்டவே வேண்டாம். அந்தக் காசு வீலுக்கும் பிரேக்குக்கும் போகட்டும்.

முதலில் அளவு. சீட்டுக்கு முன்னால் இருக்கும் ஃபிரேமின் மேல் பாருக்கு இருபுறமும் காலை ஊன்றி நில்லுங்கள். கவட்டைக்கும் பாருக்கும் நடுவே மூன்று விரலாவது நுழைய வேண்டும். நுழையாவிட்டால் சின்ன சைஸ் கேளுங்கள்.

அடுத்து வீல், இங்கே அவசரம் கூடாது. டபுள் வால் (இரட்டைச் சுவர்) ரிம்தானா என்று கேளுங்கள். வண்டியைத் தூக்கி வீலைச் சுற்றிவிட்டு, ரிம்முக்குப் பக்கத்தில் நகத்தை அசையாமல் பிடியுங்கள். ரிம் நகத்தை ஒரு சுற்றில் தொட்டுத் தொட்டுப் போனால் பெண்டு இருக்கிறது. ஸ்போக்குகளை இரண்டிரண்டாக அழுத்தினால் தொளதொளப்பது கைக்கே தெரியும். பணம் கொடுக்கும் முன்பே சரிசெய்யச் சொல்லுங்கள்.

பிரேக்கில் மட்டமான டிஸ்க்கைவிட, ரிம்மை இருபுறமும் கட்டையால் அழுத்திப் பிடிக்கும் நல்ல வி பிரேக் மேல். அதன் கட்டை பென்னாகரம் மாதிரி சின்ன ஊரிலும் கிடைக்கும். ஃபிரேம் ஸ்டீலா அலாயா (அலுமினியக் கலவை) என்று ரொம்பக் குழம்ப வேண்டாம்: ஸ்டீல் கனம், ஆனால் விரிசல் விட்டால் உள்ளூர் வெல்டிங் பட்டறையே ஒட்டிவிடும்.

கியர் 21 போதும். பின்னால் பெரிய பல்சக்கரத்தில் 28 பல்லுக்குப் பதில் 34 இருந்தால் ஏற்றத்தில் முட்டி தப்பிக்கும்.

பழைய வண்டி என்றால் ஸ்கேல் எடுத்துப் போங்கள். செயினில் ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வையுங்கள். அங்கிருந்து 24ஆவது பின் சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். அரை நூல் (அங்குலத்தில் 16-ல் ஒரு பங்கு) தள்ளியிருந்தால் செயின் மாற்ற வேண்டும். ஒரு நூல் என்றால் ஃப்ரீவீலும் (பின் பல்சக்கரத் தொகுதி) சேர்ந்து போயிற்று. அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

அப்புறம், பம்ப்புக்கும் இரண்டு டியூபுக்கும் காசு மிச்சம் வையுங்கள். நம் பக்கத்து மண்பாதையில் சீமைக்கருவேல முள்ளுக்குப் பஞ்சமே இல்லை. புது வண்டியில் ஒரு மாதத்தில் ஸ்போக்கும் பிரேக் வயரும் கொஞ்சம் தளரும். அதை இலவசமாக முறுக்கித் தருவார்களா என்று பில் போடும்போதே பேசி முடித்துவிடுங்கள்.