பள்ளிக் கடன்பத்திரத்துக்கு வாக்காளர் ஆதரவைத் திரட்டுவது எப்படி?

கலிபோர்னியாவில் பள்ளிக் கட்டடங்களைப் புதுப்பிக்கக் கடன்பத்திரம் வெளியிட முன்பு மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் தேவைப்பட்டன; 2000ஆம் ஆண்டில் வாக்காளர்கள் ஏற்ற 39ஆம் முன்மொழிவு என்ற சட்டத் திருத்தம், சில நிபந்தனைகளுடன், அதை 55 சதவீதமாகக் குறைத்தது. அந்த நிபந்தனைகளையே உங்கள் வாதமாக்குங்கள். பணிப் பட்டியல், ஆண்டுத் தணிக்கை, குடிமக்கள் மேற்பார்வைக் குழு ஆகியவை கட்டாயம் என்பதையும், இப்பணத்தில் ஆசிரியர் சம்பளம் தர இயலாது என்பதையும் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும். எந்தப் பள்ளியில் எந்தக் கூரை ஒழுகுகிறது என்று எழுதாமல் ‘நவீன வசதிகள்’ என்று மட்டும் எழுதினால் எவரும் நம்பமாட்டார்.

இக்கடன் சொத்து வரியிலிருந்தே அடைக்கப்படுவதால், வரியைப் பற்றி மழுப்பாதீர்கள். ஒருங்கிணைந்த பள்ளி மாவட்டத்தில் (தொடக்கப் பள்ளிகளையும் உயர்நிலைப் பள்ளிகளையும் சேர்த்து நடத்தும் நிர்வாகப் பகுதியில்) ஒரு தேர்தலில் ஒப்புதல் பெறும் கடனுக்கு, ஒவ்வொரு 1,00,000 டாலர் சொத்து மதிப்பீட்டுக்கும் ஆண்டுக்கு 60 டாலருக்கு மேல் வரி வராது என்று கணிக்கப்பட்டிருக்க வேண்டும். இது வரிப் பதிவேட்டிலுள்ள மதிப்பின் மீதான கணக்கே தவிர, சந்தை விலையின் மீதானது அன்று. பல்லாண்டுகளாக ஒரே வீட்டில் வாழும் முதியவர்களிடம் இதை அவர்களது வரி ரசீதை வைத்தே விளக்குங்கள், ஏனெனில் பெரும்பாலும் அவர்கள் அஞ்சுவதைவிடத் தொகை குறைவாகவே இருக்கும்.

தொழில்நுட்பச் செலவில்தான் நியாயமான எதிர்ப்பு எழும்: சில ஆண்டுகளில் பழசாகும் மடிக்கணினிக்கு முப்பது ஆண்டு வட்டி எதற்கு? அவற்றுக்குக் குறுகியகாலக் கடன்பத்திரத் தொகுதியைத் தனியே வெளியிடுவதாக உறுதியளியுங்கள். பள்ளி மாவட்டத்தின் நிதியைத் தகவல் தரப் பயன்படுத்தலாமே தவிர, வாக்குக் கேட்கப் பயன்படுத்தலாகாது. பிரசாரத்துக்குத் தனிக் குழுவும் தனி நன்கொடையும் வேண்டும்.