வேலையில்லாதோர் உதவித்தொகை: பணம் எங்கே நின்றுபோகிறது?

"வந்துக்கிட்டுதாண்ணே இருந்துச்சு, திடீர்னு நின்னுபோச்சு." மதுரைப் பக்கம் தமிழக அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை பற்றிப் பேச்செடுத்தால் அடிக்கடி காதில் விழும் புகார் இது. துருவிக் கேட்டால், யாரும் வேண்டுமென்று நிறுத்தியிருக்க மாட்டார்கள். தரவேண்டிய ஒரு காகிதம் உரிய நேரத்தில் போயிருக்காது. தரவேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லியும் இருக்க மாட்டார்கள்.

தொகை சிறியதுதான். பத்தாம் வகுப்பில் தவறியவர்களுக்கு மாதம் 200 ரூபாய், தேறியவர்களுக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று ஆண்டு தருகிறார்கள். பட்டதாரிக்கு மொத்தமாக 21,600 ரூபாய். உசிலம்பட்டியிலிருந்தோ பேரையூரிலிருந்தோ மதுரைக்கு வந்து டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிற பிள்ளைக்கு அது பஸ் காசு, தேர்வுக் கட்டணம், மதியச் சாப்பாடு. அற்பக் காசு என்று ஒதுக்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

முதல் சறுக்கல் விண்ணப்பிக்கும் முன்பே நடந்துவிடுகிறது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டு முடிந்திருக்க வேண்டும். படிப்பு முடிந்த நாளிலிருந்து இந்தக் கணக்கு ஓடாது, பதிந்த நாளிலிருந்துதான் ஓடும். அந்தப் பதிவையும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை விடாமல் புதுப்பித்திருக்க வேண்டும். இப்போது பள்ளியிலேயே மதிப்பெண் சான்றிதழோடு பதிவையும் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அதுவே பலருக்கு வினையாகிறது. பதிவு அட்டையை வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு, புதுப்பிக்கும் மாதம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. கல்லூரி முடித்ததும் பட்டத்தைப் பதிவில் சேர்க்கவும் மறந்துபோகிறது. உங்கள் வீட்டில் அட்டை இருந்தால் இன்றைக்கே எடுத்துப் புதுப்பிக்கும் மாதத்தைப் பாருங்கள். இணையத்திலேயே புதுப்பிக்கலாம்.

வயது வரம்பு பொதுவாக 40, பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 45. பொறியியல், மருத்துவம், சட்டம், வேளாண்மை, கால்நடை மருத்துவம் போன்ற தொழிற்பட்டம் பெற்றவர்களுக்கு இத்திட்டத்தில் இடமில்லை. நேரடி வகுப்புக்குப் போய்ப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் கிடையாது, அஞ்சல்வழிப் படிப்பு தடையில்லை.

குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. அப்பா சித்தாள் வேலைக்கு நாளுக்கு 300 ரூபாய்க்கு, மாதம் இருபது நாள் போனாலே சரியாக 72,000 வந்துவிடுகிறது. இந்த வரம்பை உயர்த்தியே ஆக வேண்டும். கூலி வேலை செய்கிற வீட்டுப் பிள்ளையையே வெளியே தள்ளுகிற வரம்பு யாருக்கு உதவும்? ஆனால் உயர்த்தும்வரை இருப்பது இதுதான். தங்கையின் ஸ்காலர்ஷிப்புக்கு ஒரு தொகை, இதற்கு வேறொரு தொகை என்று ஒரே ஆண்டில் இரண்டு விதமான வருமானச் சான்றிதழ் வாங்காதீர்கள். பின்னால் சரிபார்க்கும்போது அதை விளக்கிச் சொல்வது கஷ்டம்.

விண்ணப்பப் படிவம் இலவசம். கோ.புதூரில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கேட்டு வாங்கலாம், இணையதளத்திலும் எடுக்கலாம். "நான் முடிச்சுத் தர்றேன்" என்று காசு கேட்பவரிடம் அசல் சான்றிதழைக் கொடுத்துவிடாதீர்கள்.

பணம் வரத் தொடங்கியபின் செய்கிற தவறுதான் பெரிது. உதவித்தொகை வாங்குகிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை, இன்னும் வேலை கிடைக்கவில்லை என்று சுய உறுதிமொழி ஆவணம் கொடுக்க வேண்டும். கூடவே வங்கிப் புத்தக நகலும் வைக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பணம் நின்றுவிடும். முதல் ஆண்டு ஒழுங்காக வந்ததால், மூன்று ஆண்டும் தானாகவே வரும் என்று நம்பி இருந்துவிடுகிறார்கள். தொகை அனுமதியான மாதத்தை வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். உறுதிமொழியை இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கி வையுங்கள். "நான் குடுத்தேன்" என்று வாயால் சொல்வது எடுபடாது, முத்திரை வைத்த நகல் எடுபடும்.

அந்த உறுதிமொழியில் பொய் வேண்டாம். கப்பலூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டு, சம்பளம் குறைவுதானே என்று சொல்லாமல் இருந்தால், பி.எஃப். கணக்கு தொடங்கிய தேதி ஒருநாள் எதிரே வந்து நிற்கும். வேலை கிடைத்த மாதமே எழுதிக் கொடுத்துவிடுங்கள். இதற்கு நேர்மாறான பயமும் சிலருக்கு உண்டு: உதவித்தொகை வாங்கினால் பதிவு ரத்தாகிவிடும், அரசு வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று. அப்படி எதுவும் இல்லை. பதிவு அப்படியே இருக்கும்.

மாதாமாதம் பணம் வராது, காலாண்டுக்கு ஒருமுறைதான் வரும். இதைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டு மாதம் பார்த்துவிட்டு அலைகிறவர்கள் உண்டு. காலாண்டும் கடந்துபோனால் முதலில் வங்கியைப் பாருங்கள். நீண்ட நாள் வரவுசெலவில்லாத கணக்கு முடங்கியிருக்கலாம். 2020-இல் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் இணைந்தன. வங்கிக் கிளையை அடையாளம் காட்டும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடுகள் மாறின. பழைய பாஸ்புக் நகலையே கொடுத்தவர்கள் புதியதை எடுத்துக் கொடுப்பது நல்லது.

மாற்றுத்திறனாளிகளுக்கு விதிகள் வேறு, இது பலருக்குத் தெரியவில்லை. பதிந்து ஓராண்டு முடிந்தால் போதும். வருமான வரம்போ வயது வரம்போ கிடையாது. பத்தாம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு மாதம் 600, பிளஸ் டூவுக்கு 750, பட்டதாரிக்கு 1,000 ரூபாய், அதுவும் பத்து ஆண்டு. ஐந்து ஆண்டு ஆகவில்லையே என்று யாராவது திருப்பி அனுப்பினால் இந்த விதியைச் சொல்லிக் கேளுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் பணம் வரவில்லையென்றால், கவுண்டரில் கேட்டுவிட்டுத் திரும்பி வருவதோடு நிறுத்தாதீர்கள். எழுதிக் கொடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. மனுவில் பதிவு எண், அனுமதியான மாதம், கடைசியாகப் பணம் வந்த தேதி, உறுதிமொழி கொடுத்த தேதி நான்கும் இருக்கட்டும். ரசீது எண்ணை வாங்காமல் வராதீர்கள். மேலூரிலிருந்தோ திருமங்கலத்திலிருந்தோ வர முடியாதவர்கள் 1100 எண்ணில் முதலமைச்சரின் உதவி மையத்தில் பதியலாம்.

அதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். "ஏன் தரவில்லை" என்று கேட்டால் நழுவலான பதில்தான் வரும். "என் விண்ணப்பம் எந்தத் தேதியில் அனுமதிக்கப்பட்டது, எந்தெந்தக் காலாண்டுக்கு எந்தத் தேதியில் எந்தக் கணக்கு எண்ணுக்குப் பணம் அனுப்பப்பட்டது, நிறுத்திய ஆணையின் நகல் தருக" என்று ஆவணமாகக் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தந்தாக வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம், அதற்குக் கட்டணம் இல்லை.