முகப்பு விளக்கும் சிலந்தியும்: என்ன செய்யலாம்?

காரைக்குடிப் பக்கம் பெரிய வீடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், ஒட்டடைக் கம்பால் முகப்பைச் சுத்தம் செய்த கையோடு விளக்கடியில் புது வலை வந்துவிடும். கம்பை விடுங்கள், முதலில் விளக்கைப் பாருங்கள். வெளிச்சத்துக்குப் பூச்சி, பூச்சிக்குச் சிலந்தி, அவ்வளவுதான். வியன்னாவில் ஒரு பாலத்தில் ஆராய்ந்தபோதும் விளக்குள்ள கைப்பிடியில்தான் சிலந்திகள் நெருக்கியடித்து வலை கட்டியிருந்தன.

சிலந்திக்குத் தீனி நிறைய, அப்புறம் அதற்கென்ன குறை என்பீர்கள். ஆஸ்திரேலியத் தோட்டச் சிலந்தி ஒன்றை இரவு வெளிச்சத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். தோலுரிப்பது குறைந்து, சீக்கிரமே பருவத்துக்கு வந்து, உடல் சிறுத்து, அதனால் இடும் முட்டையும் குறைந்துபோனது.

சரி, வேலைக்கு வருவோம். பளிச்சென்ற வெள்ளை எல்இடியைக் கழற்றிவிட்டு 2700 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) மஞ்சள் பல்ப் போடுங்கள், நீல ஒளி குறைவதால் பூச்சி வரத்தும் குறையும். மேல்நோக்கி எரியும் விளக்கைக் கீழே திருப்பி மூடி போடுங்கள். தூணைக் காட்ட விடிய விடிய எரியும் ஃபோகஸ் லைட்டுக்கு ஒரு டைமர் வையுங்கள் (தூங்கும் நேரத்தில் தூணை யார் பார்க்கப் போகிறார்கள்?). பின்கட்டுக்கு ஆள் வந்தால் மட்டும் எரியும் சென்சார் விளக்கு போதும். வளவு (வீட்டு நடுவிலுள்ள முற்றப் பகுதி) இருட்டாகவே கிடக்கட்டும்.

சுவரில் தட்டையாக ஒட்டியிருக்கும் பெரிய சிலந்தி வலை கட்டாது, கரப்பான் பிடிக்கும், அதை அடிக்காதீர்கள். ஒட்டடை அடிக்கும்போது பஞ்சு உருண்டை மாதிரி முட்டைப்பை தெரிந்தால் அந்த மூலையை மட்டும் விட்டுவிடுங்கள்.