பரணிலிருந்து இறங்கிய கேசட்டை உடனே ஓட்டாதீர்கள்

மாட்டுங்கா, செம்பூர் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் பழைய ஃபிளாட்டைக் காலி செய்யும்போது பரணிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி இறங்கும். உள்ளே ஆடியோ கேசட்டுகள், நடுவில் 'கல்யாணம் - பார்ட் 2' என்று பேனாவில் எழுதிய விஎச்எஸ் வீடியோ கேசட். பார்த்ததும் போட்டுப் பார்க்கக் கை பரபரக்கும். பல நாடாக்கள் பாழாவது அந்த நேரத்தில்தான்.

மும்பை மழையின் ஈரம் பெட்டிக்குள்ளும் போயிருக்கும். கேசட்டை வெளிச்சத்தில் பிடித்து, அதன் கண்ணாடி ஜன்னல் வழியாகச் சுருளின் பக்கவாட்டைப் பாருங்கள். வழவழவென்று கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தால் அது பூஞ்சை. அதோடு ஓட்டினால் பிளேயரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும். வீடியோ கேசட்டை ஓட்டும் விசிஆரில் ஹெட் இருக்கும் உருளை நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றுகிறது. பிசுக்கேறிய நாடா அதில் சிக்கினால் கிழிந்தே போகும். அப்படிப்பட்டதைத் தனியே எடுத்து வைத்து, சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஈரம் போகட்டும் என்று அப்பளம் மாதிரி மொட்டை மாடியில் காயவைக்கவே கூடாது. சூட்டில் கேசட்டின் பிளாஸ்டிக் ஓடு நெளியும், நாடாவும் கெடும்.

பல வருடம் ஓடாத பிளேயரையும் நம்பாதீர்கள். உள்ளே ரப்பர் பெல்ட் இளகியிருக்கலாம். ஹெட்டை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, போனால் போகட்டும் என்கிற ஒரு கேசட்டை முதலில் ஓட்டிப் பாருங்கள். விசிஆர் தயாரிப்பு 2016-லேயே நின்றுவிட்டதால், இருக்கும் மெஷினைக் காப்பாற்றுவதும் முக்கியம்.

ஆடியோ கேசட்டில் சத்தம் மங்கினால் உடனே குப்பையில் போட வேண்டாம். கேசட்டின் வாய்ப்பக்கம், நடுவில், மெல்லிய தகட்டின் மேல் ஒரு சின்னப் பஞ்சுத்துண்டு இருக்கும். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பசை காய்ந்து விழுந்திருந்தால், வேண்டாத கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டுங்கள்; குரல் பளிச்சென்று கேட்கும். முதுகுப்பக்க மூலைகளில் உள்ள பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிடுங்கள். கை தவறி ரிக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் பதிந்தது அழியாது.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு, முதலில் சினிமாப் பாட்டு கேசட்டுகளை கம்ப்யூட்டரில் ஏற்றுவது. அந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவை இன்று எங்கும் கிடைக்கும். பாட்டி பாடிய தாலாட்டும், ஊரிலிருந்து அப்பா கேசட்டில் பேசி அனுப்பிய கடிதமும் உலகத்திலேயே அந்த ஒரு நாடாவில்தான் இருக்கின்றன. அவற்றை முதலில் ஏற்றுங்கள், எம்பி3 ஆக இல்லாமல், சத்தத்தைச் சுருக்காத வேவ் ஃபைலாக. வீடியோவை அதன் 4:3 (அகலம்:உயரம்) அளவிலேயே வையுங்கள். இன்றைய டிவிக்காக இழுத்தால் முகமெல்லாம் அகலமாகிவிடும். கடையில் கொடுத்தால் டிவிடி மட்டும் வாங்கி வராமல், ஃபைலையும் கேட்டு வாங்கி இரண்டு இடத்தில் சேமியுங்கள்.

ஏற்றி முடித்தாயிற்று என்று கேசட்டைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். முழுக்க ரீவைண்ட் செய்து, உறையில் போட்டு, ஸ்பீக்கரிலிருந்து தள்ளி, பீரோவில் நிற்க வையுங்கள்.