தொலைந்துபோன ஹிட்டைட் கோயில் நகரைத் தேடுவது எப்படி

மூவாயிரம் வருடத்துக்கும் முன்னால் இன்றைய துருக்கியில் அரசாண்டவர்கள் ஹிட்டைட்டுகள். அவர்களுடைய கோயில் நகரைத் தேடுவதென்றால், முதலில் ஊர்ப் பெயரை மறந்துவிடுங்கள். துருக்கி வரைபடத்தில் பழைய பெயர் மாதிரியே ஒலிக்கிற ஊரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டால் தேடல் முடங்கிவிடும். தேட வேண்டியது ஆறு, ஊற்று, மலை, ஒரு நாள் நடை.

எங்கள் மொரிஷியஸ் காவடியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்றங்கரையில் காவடி கட்டி, செம்பில் பால் எடுத்து, கத்ர் போர்னில் கோர் தெ கார்த் மலைச் சரிவிலுள்ள கோவிலுக்கு ஏறுகிறோம். உச்சிவெயிலிலும் பால் திரியாமல் போய்ச் சேர வேண்டும் என்பது நம்பிக்கை. மூவாயிரம் வருடம் கழித்து இந்த ஒரு குறிப்பு மட்டும் யார் கையிலாவது கிடைத்தால், ஆற்றிலிருந்து சில மணி நேர நடையில், மலையில் ஒரு கோவில் இருந்தது என்பது அவருக்குப் புரிந்துவிடும். ஹிட்டைட்டுகள் எழுதிவைத்த களிமண் பலகைகளையும் இப்படித்தான் படிக்க வேண்டும்.

சமூஹா நல்ல உதாரணம். ஹுர்ரியர்கள் என்ற பக்கத்து இனத்தாரின் ஷவுஷ்கா தேவிக்குப் பேர்போன ஊர் அது. கிஸ்ஸுவத்னா என்ற நாட்டிலிருந்து இரவு தெய்வத்தைப் பிரித்துக் கொண்டுவந்து துத்ஹாலியா என்ற அரசன் அங்கே கோவிலில் வைத்தான். ஊர் எங்கே என்பதுதான் தகராறு. படகுப் போக்குவரத்தைச் சொல்லும் ஒரு பலகை இருந்ததால் ஆற்றங்கரை என்பது தெளிவு, ஆனால் யூப்ரடீஸா, கிஸிலிர்மாக்கா என்று அறிஞர்கள் நெடுநாள் மல்லுக்கட்டினார்கள். கடைசியில் சிவாஸ் பக்கம், கிஸிலிர்மாக் கரையில் உள்ள கயாலிபினாரைத் தோண்டியபோது, சமூஹாவின் வழிபாட்டுக் கணக்கை எழுதிய பலகையே அங்கே கிடைத்தது.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? பலகைகளின் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஊருக்கும் பக்கத்து ஊர், தண்ணீர், பயண நாள் மூன்றையும் குறித்துக்கொண்டே வாருங்கள், முரண்படுவதையும் விடாதீர்கள். அப்புறம் அமெரிக்காவின் ‘கொரோனா’ உளவுச் செயற்கைக்கோள் படங்களைப் பாருங்கள்; 1960 முதல் 1972 வரை எடுத்தவை, 1995-ல் ரகசியம் நீக்கப்பட்டது. பின்னால் வந்த அணைகள் மூழ்கடித்த, பழைய ஊர்கள் புதைந்த மேடுகள்கூட அவற்றில் தெரியும். நேரில் போனால் ஓட்டுச் சில்லைக்கூட எடுக்காதீர்கள், அனுமதியில்லாமல் தோண்டுவது அங்கே குற்றம். அதைவிட, இடம் மாறிய சில்லு எதையும் சொல்லாது.

பழக ஆசையா? சூரிய தேவியின் அரின்னாவில் தொடங்குங்கள். ஹிட்டைட் தலைநகர் ஹத்துஷாவிலிருந்து ஒரு நாள் பயணம். சுமார் 25 கிலோமீட்டரில் இருக்கும் அலாஜா ஹோயுக் என்ற மேட்டைப் பலர் காட்டுகிறார்கள், உறுதி செய்யும் பலகைதான் இன்னும் கிடைக்கவில்லை. ஹத்துஷாவைச் சுற்றி ஒரு நாள் நடைத் தூரத்துக்கு வட்டம் போட்டு, அதற்குள் வருகிற மேடுகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.