காட்டுக்குள் மலைச் சாலை: சந்தடியில்லாத சைக்கிள் பாதையைத் தேர்ந்து, ஏறி, இறங்குவது எப்படி?

மலையும் காடும் சேர்ந்த இயற்கைக் காப்பகத்தில் சைக்கிள் ஓட்ட ஆசை வந்துவிட்டால் எல்லோரும் முதலில் தேடுவது அழகான சாலையைத்தான். நானும் அப்படித்தான் தேடினேன். அழகான சாலையும் கிடைத்தது, அந்த அழகைப் பார்க்க வந்த கார் வரிசையும் கிடைத்தது. மூன்று மணி நேரம் புகையைக் குடித்துக்கொண்டே ஏறினேன். அதற்குப் பிறகு கேள்வியை மாற்றிக்கொண்டேன்: இந்தச் சாலைக்கு ஒருவர் காரில் வர என்ன காரணம் இருக்கிறது? அப்படி ஒரு காரணமும் தோன்றவில்லை என்றால் அதுதான் நம் சாலை.

1. எங்கும் போகாத சாலையைத் தேடுங்கள்

ஓபன்ஸ்ட்ரீட்மேப் போன்ற வரைபடத்தில் சாலைகள் வகைவாரியாக நிறம் பிரித்துக் காட்டப்பட்டிருக்கும். தடித்த நிறக் கோடுகள் ஊரையும் ஊரையும் இணைப்பவை. லாரி, பேருந்து எல்லாம் அதில்தான் போகும், விட்டுவிடுங்கள். மெல்லிய கோடுகளில் அணைக்கோ கண்காணிப்புக் கோபுரத்துக்கோ போய் அங்கேயே முடிந்துவிடும் முட்டுச் சாலைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிகிற இடத்தைச் செயற்கைக்கோள் படத்தில் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். பெரிய வாகன நிறுத்துமிடம் தெரிந்தால் அங்கே அருவியோ காட்சிமுனையோ இருக்கிறது என்று அர்த்தம், கூட்டமும் இருக்கும். நாலு கார் நிற்கும் அளவுக்கு மண்தரை மட்டும் தெரிந்தால் நல்ல சகுனம்.

இரண்டாவது வகை, புதுச் சாலையோ சுரங்கப்பாதையோ வந்ததால் கைவிடப்பட்ட பழைய கணவாய்ச் சாலை. சுவிட்சர்லாந்தின் கோட்ஹார்ட் கணவாயில் 1980இல் சாலைச் சுரங்கம் திறந்த பிறகு மலையைக் கடக்கும் வண்டிகளில் பெரும்பகுதி உள்ளே போய்விட்டது. கல் பதித்த பழைய டிரெமோலா சாலை அதன் கொண்டை ஊசி வளைவுகளோடு இன்று சைக்கிள்காரர்களின் செல்லப் பாதை. இதுபோல ஒரு ஜோடி பல மலைகளில் இருக்கும். வரைபடத்தில் நேராக ஓடும் தடித்த கோட்டுக்குப் பக்கத்திலேயே நெளிந்து நெளிந்து போகும் மெல்லிய கோடுதான் அதன் அடையாளம்.

மூன்றாவது, கார்களுக்குச் சில காலம் மூடப்படும் சாலை. அமெரிக்காவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் வசந்த காலத்தில் பனியை அகற்றும் வேலை முடியும்வரை மலைச் சாலையின் மேல்பகுதியில் கார்களுக்கு அனுமதி இல்லை. தடுப்பைத் தாண்டி, திறந்துவிட்ட தூரம்வரை சைக்கிளில் போகலாம்.

தேர்ந்தெடுத்த பிறகு அந்தக் காப்பகத்தின் அதிகாரபூர்வ அறிவிப்பைப் படியுங்கள். வாயில் திறக்கும் நேரம், அனுமதிச் சீட்டு, பருவகால மூடல் எல்லாம் இடத்துக்கு இடம் மாறும். பெரிய விலங்குகள் உள்ள காடுகளில் சைக்கிளுக்கே தடை இருக்கலாம். தடை என்றால் தடைதான், வேறு சாலை பாருங்கள்.

2. கோடுகளை எண்ணுங்கள்

தூரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். மலையில் கணக்கு உயரம்தான். வரைபடத்தில் சமஉயரக் கோடுகள், அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள், 20 மீட்டர் உயர இடைவெளியில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 1 கிலோமீட்டர் சாலை 3 கோடுகளைக் கடந்தால் ஏற்றம் 60 மீட்டர், அதாவது 6 சதவீதம். 5 கோடுகள் என்றால் 10 சதவீதம், புதியவருக்கு அங்கே மூச்சு முட்டும். சராசரியை மட்டும் நம்பவும் கூடாது. சராசரி 5 சதவீதம் என்று போட்டிருக்கும் சாலையில் பாதி சமதளமாகவும் மீதி 10 சதவீதமாகவும் இருக்கலாம்.

நேரத்துக்கு என் கணக்கு: முதல்முறை போகிறவர் மணிக்கு 400 மீட்டர் உயரம் ஏறுவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த ஏற்றம் 600 மீட்டர் என்றால் ஒன்றரை மணி நேரம், நிற்பதற்கு இன்னொரு அரை மணி. முதல் பயணத்துக்கு இதுவே தாராளம். ஏற்றம் முதலில், இறக்கம் கடைசியில் வரும்படி பாதையை அமையுங்கள். இறங்கிவிட்டு, களைத்த காலோடு மறுபடி ஏறுவது வேதனை.

3. கியரைச் சரிபாருங்கள்

பெடலோடு சுழலும் முன் பல்சக்கரத்தில் 34 பல், பின்னால் உள்ள பல்சக்கரங்களில் மிகப் பெரியதிலும் 34 பல் என்றால், பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு (ஒரு மிதி) பின்சக்கரமும் ஒரு சுற்று, ஏறக்குறைய 2.1 மீட்டர். நிமிடத்துக்கு 60 மிதி மிதித்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர். மெதுவாகத் தோன்றும், ஆனால் முட்டி தாங்கும். பின்னால் 25 பல்தான் என்றால் அதே வேகத்துக்கு 44 மிதியாக இறங்கிவிடும், ஒவ்வொரு மிதியும் தொடையைப் பிழியும். புது சைக்கிளுக்குச் செலவழிப்பதைவிடப் பெரிய பின் பல்சக்கரம் மாற்றுவது எவ்வளவோ மேல். டயர் அகலம் 28 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் நல்லது.

மாற்று ட்யூப், பம்ப், டயர் நெம்பி, ஒரு காற்றுத்தடுப்புச் சட்டை, மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் கணக்கில் தண்ணீர். மலையில் சிக்னல் இருக்காது, அதனால் வரைபடத்தை முன்பே போனில் இறக்கிவைத்து, எந்த வழி போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

4. கிளம்பும் நேரம்

வார நாள், காலை. ஆனால் இருட்டோடு வேண்டாம். விடியலும் அந்தியும் விலங்குகள் நடமாடும் நேரம். சூரியன் வந்து ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்பி, மதியத்துக்குள் இறங்கிவிடுவேன். பல மலைகளில் மேகம் திரண்டு இடி இறங்குவதும் மதியத்துக்குப் பிறகுதான்.

5. ஏறும்போது

முழு வாக்கியம் பேச முடிகிற அளவு மூச்சோடு ஏறுங்கள். செங்குத்து வருமுன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். அழுத்தி மிதித்துக்கொண்டே மாற்றினால் செயின் நறநறவென்று கத்தும், சில சமயம் கழன்றும் விழும். தள்ளிக்கொண்டு நடப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

6. இறங்கும்போது

எல்லோரும் ஏற்றத்துக்குப் பயப்படுகிறார்கள். விழுவது இறக்கத்தில்தான்.

சைக்கிளும் ஆளும் சேர்ந்து 85 கிலோ என்றால், 600 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 500 கிலோஜூல். ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும், மீதி உங்கள் பிரேக்கில்தான் சூடாகிறது. பிரேக்கை விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்கினால் மெதுவாகப் போவதால் காற்றின் பங்கு குறையும், பிரேக் கட்டை உரசும் சக்கர வளையமான ரிம்முக்கு ஆறவும் இடைவெளி இருக்காது. ரிம் கொதித்து ட்யூப் வெடிப்பதும் உண்டு. அதனால் வளைவுக்கு முன்னால் நேர்ச்சாலையிலேயே இரண்டு பிரேக்கையும் உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். கருகிய ரப்பர் வாசம் வந்தால் ஓரமாக நின்று ஆறவிடுங்கள், ரிம்மைத் தொட வேண்டாம்.

கொண்டை ஊசி வளைவில் வெளிப்பக்கப் பெடல் கீழே, உடம்பின் எடை அதன்மேல், பார்வை வளைவின் முடிவில். பள்ளத்தைப் பார்த்தால் சைக்கிள் பள்ளத்துக்கே போகும். உள் விளிம்பில் மழை அடித்துவந்த சரளைக்கல் கிடக்கும், அதில் சாயாதீர்கள். சாலையே காலி என்று எதிர்ப்பக்கத்துக்கும் போகாதீர்கள், அந்தச் சாலையில் வரும் ஒரே ஜீப் அப்போதுதான் வரும்.

அப்புறம் குளிர். 1000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். ஒருமுறை வியர்வையில் நனைந்த சட்டையோடு அப்படியே இறங்கினேன். ஐந்தாவது வளைவில் விரல் மடங்கவில்லை, பிரேக்கை உள்ளங்கையால் அழுத்தி நிறுத்தினேன். இப்போதெல்லாம் மேலே போனதும் முதல் வேலை சட்டை மாற்றுவது, அப்புறம்தான் போட்டோ.

7. விலங்கு எதிர்ப்பட்டால்

சைக்கிளுக்குச் சத்தம் இல்லை, அதுதான் ஆபத்து. நாம் வருவது விலங்குக்குத் தெரியாது. பார்வை மறையும் வளைவுகளில் மெதுவாகப் போய், சும்மா ஏதாவது பேசிக்கொண்டே திரும்புங்கள். கண்ணில் பட்டால் தூரத்திலேயே நின்றுவிடுங்கள். நெருங்கவோ, விரட்டவோ, இடையில் புகுந்து கடக்கவோ வேண்டாம்.

ஒருமுறை ஒரு மான்கூட்டம் சாலையைக் கடக்கக் காத்து நின்றேன். கடைசியாக வந்த குட்டி நடுச்சாலையில் நின்று என் சைக்கிளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாவிப் போனது. இன்னும் ஒன்று இருக்குமோ என்று பெடலில் கால் வைக்காமல் நின்றேன். இருந்தது.