சர்ஃப் போர்டோடு பறக்க எந்த ஏர்லைன்? சென்னையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

டிக்கெட் விலையைத் தேடுவதற்கு முன் டேப்பை எடுத்துப் போர்டை அளந்துவிடுங்கள். சர்ஃப் போர்டோடு பறக்கும்போது ஏர்லைனைத் தீர்மானிப்பது நீளம். எடை அதற்கு அடுத்தது, டிக்கெட் விலை கடைசி. 4,000 ரூபாய் மிச்சம் என்று ஒரு டிக்கெட்டைப் போட்டுவிட்டு, கவுன்டரில் போர்டுக்கு மட்டும் அதைவிட இரண்டு மடங்கு கட்டுவது சர்வசாதாரணமாக நடக்கிறது.

போர்டைப் பைக்குள் போட்டு, பேக்கிங் எல்லாம் முடிந்த பிறகு அளக்க வேண்டும். 6 அடி போர்டு என்றால் 183 செ.மீ. நுனியிலும் வாலிலும் ஃபோம் வைத்துப் பையில் போட்டால் 195 ஆகிவிடும். அகலம் 55, தடிமன் 15 என்று வைத்தால் மூன்றையும் கூட்டி 265 செ.மீ. சாதாரண செக்-இன் பெட்டிக்குப் பல ஏர்லைன்கள் வைத்திருக்கும் மொத்த அளவு 158 செ.மீ.தான். ஆக, எவ்வளவு சின்ன போர்டாக இருந்தாலும் அது ஓவர்சைஸ்தான். 9 அடி லாங்போர்டு பையோடு 285-ஐத் தாண்டும்; அந்த நீளத்தில் சில ஏர்லைன்கள் பணம் கொடுத்தாலும் ஏற்றாது.

எடை பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஷார்ட்போர்டு ஒன்று 3 கிலோவுக்கு முன்னே பின்னே, 9 அடி போர்டு 6 முதல் 8 கிலோ, சக்கரம் வைத்த பெரிய பை என்றால் வெறும் பையே 5 கிலோவுக்கு மேல் வரும். ஆனால் மூன்று லாங்போர்டு, துண்டு, வெட்சூட் எல்லாவற்றையும் ஒரே பையில் திணித்தால் 32 கிலோவைத் தொட்டுவிடலாம். எந்த ஒரு பையும் 32 கிலோவுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது ஏறக்குறைய எல்லா ஏர்லைனிலும் உண்டு, லோடர்கள் முதுகைக் காப்பாற்ற வைத்த வரம்பு அது. எக்ஸ்ட்ரா பணம் கட்டினாலும் அங்கே பேச்சு எடுபடாது.

விமானத்தின் வயிறு

நீளம் ஏன் இவ்வளவு முக்கியம்? பெரிய விமானங்களில் பெட்டிகள் அலுமினிய கன்டெய்னர்களில் போகின்றன. அதிகம் பயன்படும் எல்.டி.3 கன்டெய்னரின் அடிப்பாகம் 156 செ.மீ., மேல்பக்கம் விரிந்த இடத்தில்கூட 201 செ.மீ.தான். 2 மீட்டருக்கு மேல் உள்ள போர்டு அதற்குள் நேராகப் படுக்காது. பின்பக்கம் உள்ள சின்ன ‘பல்க்’ அறைக்குத்தான் போகும். அதே அறையில்தான் குழந்தைத் தள்ளுவண்டி, நாய்க்கூண்டு, கடைசி நேரப் பெட்டி எல்லாம். அது நிறைந்துவிட்டால் போர்டு அடுத்த ஃபிளைட்டில்தான் வரும். ‘இடம் இருந்தால் மட்டும்’ என்று விதியில் எழுதியிருப்பதற்கு அர்த்தம் இதுதான்.

ஏ320, 737 மாதிரி ஒற்றை நடைபாதை விமானங்களில் பெரும்பாலும் பெட்டிகளைக் கையாலேயே அடுக்குவார்கள். நீளமான போர்டுக்கு இது ஒருவிதத்தில் வசதி. ஆனால் மேலே பத்து சூட்கேஸ் விழவும் வாய்ப்பு உண்டு. ஏடிஆர் 72 என்ற சின்ன ப்ரொப்பெல்லர் விமானம் வந்தால் கதையே வேறு. சரக்கு அறை சின்னது, ஷார்ட்போர்டுக்கே முன்கூட்டி எழுத்தில் ஒப்புதல் வேண்டும். இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள அருகம்பேக்குப் போகிறவர்கள் வரைபடத்தைப் பார்த்து ‘யாழ்ப்பாணம் பக்கம்தானே’ என்று சென்னை–பலாலி (யாழ்ப்பாண ஏர்போர்ட்) ஏடிஆர் ஃபிளைட்டைப் பிடிக்க ஆசைப்படுவதுண்டு. போர்டு இருந்தால் கொழும்பு வழியாகவே போய்விடுங்கள்.

புக் பண்ணும்போது ‘ஆப்பரேட்டட் பை’ (Operated by) என்ற வரியைப் பாருங்கள். டிக்கெட் ஒரு ஏர்லைன் பெயரில் இருக்கும், பறப்பது கூட்டாளி ஏர்லைனின் சின்ன விமானமாக இருக்கும். எந்த விமான வகை என்பதும் ஃபிளைட் விவரத்திலேயே இருக்கும்.

மூன்று விதமான விதிகள்

ஏர்லைன்களின் வெப்சைட்டில் ‘ஸ்போர்ட்ஸ் எக்விப்மென்ட்’ பக்கத்தைத் திறந்தால் மூன்றில் ஒன்றுதான் இருக்கும்.

முதல் வகை, உங்கள் இலவச எடைக்குள் போர்டையும் சேர்த்துக்கொள்ளும். 30 கிலோ அனுமதி என்றால் பெட்டி 18, போர்டு பை 12 என்று முடித்துக்கொள்ளலாம். முழு சேவை ஏர்லைன்களில் இது அதிகம். டிக்கெட் கொஞ்சம் விலை கூடினாலும் கடைசிக் கணக்கில் மலிவு. ஆசிய ரூட்களில் பெரும்பாலும் எடைக் கணக்கு, அமெரிக்கா பக்கம் பீஸ் கணக்கு, அதாவது எத்தனை பை என்ற எண்ணிக்கை. பீஸ் கணக்கில் போர்டு பை ஒரு பீஸ் என்று கழித்துக்கொள்வார்கள். ஓவர்சைஸுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வகை, ஒரு நிலையான கட்டணம். ஏர்ஏசியா மாதிரி பட்ஜெட் ஏர்லைன்களில் புக்கிங்கின்போதே ஸ்போர்ட்ஸ் பேக்கேஜ் என்று வாங்கலாம். ஆன்லைனில் ஒரு விலை, கவுன்டரில் அதைவிட மிக அதிகம். கட்டணம் ஒவ்வொரு வழிக்கும், சில சமயம் ஒவ்வொரு ஃபிளைட்டுக்கும் தனி. போக இரண்டு, வர இரண்டு என்றால் நான்கால் பெருக்கிப் பாருங்கள்.

மூன்றாவது வகையில் போர்டைப் பற்றி ஒரு வார்த்தையும் இருக்காது, ‘ஓவர்சைஸ் பேக்கேஜ்’ என்று மட்டும் இருக்கும். இதைத் தவிர்ப்பது நல்லது. கவுன்டரில் இருப்பவர் எப்படிப் படிக்கிறாரோ அதுதான் கட்டணம், போகும்போது ஒன்று, வரும்போது இன்னொன்று.

எந்த வகையானாலும் இரண்டு கேள்விக்குப் பதில் வேண்டும். அதிகபட்ச நீளம் எவ்வளவு? கட்டணம் பைக்கா, போர்டுக்கா? இரண்டு போர்டை ஒரே பையில் வைத்தால் இரட்டிப்பாக வசூலிக்கும் ஏர்லைன்கள் உண்டு. நீள வரம்பு மாறிக்கொண்டே இருக்கும்; 2007-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் சர்ஃப் போர்டே ஏற்ற மாட்டோம் என்று அறிவித்தது, பிறகுதான் அளவு வரம்போடு ஏற்கத் தொடங்கியது. போன வருடம் போய்வந்த நண்பர் சொன்னதை நம்பி டிக்கெட் போடாதீர்கள்.

ரூட் வாரியாக

இலங்கைக்கு ஸ்ரீலங்கன், இண்டிகோ இரண்டும் சென்னை–கொழும்பு நேரடி. ஒரே ஃபிளைட் என்பதால் தவறு நடக்க இடம் குறைவு. வெலிகம, ஹிக்கடுவ பக்கம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை, அருகம்பே ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. வெலிகமவில் கற்றுக்கொள்ளப் போகிறவர்கள் போர்டே கொண்டுபோக வேண்டாம். கடற்கரை நெடுக ஃபோம் போர்டு வாடகைக்கு அடுக்கி வைத்திருப்பார்கள். இரண்டு வழிப் போர்டுக் கட்டணத்தை அங்கே தங்கும் நாள்களால் வகுத்துப் பாருங்கள், வாடகை அதற்குக் கீழே இருந்தால் வெறுங்கையோடு போங்கள்.

மாலத்தீவில் சிக்கல் மாலே வந்து இறங்கிய பிறகு. தூரத் தீவுகளுக்குப் போகும் ட்வின் ஓட்டர் கடல் விமானத்தில் 20 கிலோ பெட்டி, 5 கிலோ கைப்பை என்பது வழக்கமான அளவு. நீளமான போர்டு அதே விமானத்தில் வரும் என்று உறுதி தர மாட்டார்கள். ஸ்பீட்போட்டில் போகக்கூடிய வடக்கு மாலே பக்கம் தங்கினால் இந்தத் தலைவலி இல்லை.

பாலிக்கு சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூரில் மாறிப் போவதுதான் சென்னைக்காரர்களுக்கு வழக்கம். இங்கேதான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். சென்னை–கோலாலம்பூர் ஒரு ஏர்லைன், கோலாலம்பூர்–டென்பசார் இன்னொன்று என்று தனித்தனி டிக்கெட் போட்டால் போர்டு கடைசி ஊர்வரை போகாது. இமிக்ரேஷன் தாண்டி வெளியே வந்து, போர்டை எடுத்து, மறுபடி செக்-இன் பண்ண வேண்டும். மலேசியா ஏர்லைன்ஸ் டெர்மினல் 1, ஏர்ஏசியா டெர்மினல் 2. இரண்டுக்கும் நடுவே 2 மீட்டர் பையோடு ரயில் ஏற வேண்டும். போர்டுக் கட்டணமும் இரண்டு தடவை. ஒரே பி.என்.ஆரில் முழுப் பயணமும் இருந்தால் பையில் ஒரே டேக், கடைசி ஊர்வரை. இணைப்பு நேரம் 2 மணிக்குக் குறையாமல் பாருங்கள். பெட்டி கன்டெய்னரோடு நகர்ந்துவிடும், போர்டைத் தனியாக ஒருவர் தூக்கிப் போக வேண்டும்.

இந்தோனேசியாவின் மென்டாவாய் தீவுகளுக்குப் போகிறவர்கள் கோலாலம்பூரிலிருந்து பாடாங் ஃபிளைட்டையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். வழியில் உள்ளதிலேயே சின்ன விமானத்தின் வரம்புதான் முழுப் பயணத்துக்கும் வரம்பு.

புக் பண்ணும் வரிசை

முதலில் ஏர்லைனுக்கு மெயில்: ஃபிளைட் எண், தேதி, பையின் நீளம்–அகலம்–தடிமன் சென்டிமீட்டரில், எடை, பைக்குள் எத்தனை போர்டு. ‘சர்ஃப் போர்டு எடுத்துவரலாமா?’ என்று மட்டும் கேட்டால் ‘வரலாம், நிபந்தனைக்கு உட்பட்டு’ என்று பதில் வரும். அதனால் பிரயோஜனம் இல்லை. பதில் வந்ததும் டிக்கெட். டிக்கெட் போட்ட அன்றே கால்சென்டரில் சொல்லி பி.என்.ஆரில் ‘எஸ்.பி.இ.க்யூ’ என்ற ஸ்போர்ட்ஸ் எக்விப்மென்ட் குறியீட்டைச் சேர்க்கச் சொல்லுங்கள். போகும் ஃபிளைட்டில் மட்டும் சேர்த்துவிட்டு வரும் ஃபிளைட்டை விட்டுவிடுவார்கள். எல்லா செக்டரிலும் இருக்கிறதா என்று திருப்பிக் கேளுங்கள். ஏர்லைனின் விதிப் பக்கத்தையும் மெயிலையும் பிரின்ட் எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு கவுன்டரில் பேச்சுவார்த்தைக்கு அந்தத் தாள்தான் துணை.

போர்டு வெளிநாட்டுத் தயாரிப்பு, விலை அதிகம் என்றால் செக்-இன்னுக்கு முன்பே சென்னை ஏர்போர்ட் கஸ்டம்ஸில் காட்டி எக்ஸ்போர்ட் சர்டிஃபிகேட் வாங்கிவிடுங்கள். திரும்பி வரும்போது ‘புதிதாக வாங்கியதா?’ என்ற கேள்விக்கு அது ஒன்றே பதில். பை உள்ளே போன பிறகு கேட்டால் கிடைக்காது, அதிகாரி பொருளைப் பார்க்க வேண்டும்.

பேக்கிங்

போர்டின் அடியில் உள்ள ஃபின் (துடுப்பு) எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஃபின்னோடு வைத்தால் ஃபின் பாக்ஸே உடைந்து வரும். ரெயிலுக்கு, அதாவது போர்டின் பக்க விளிம்புக்குச் சிறந்த கவசம், ஸ்ப்ளிட் ஏசி காப்பர் பைப்பில் சுற்றும் கறுப்பு ஃபோம் டியூப். எந்த ஏசி ஸ்பேர் கடையிலும் கிடைக்கும். நீளவாக்கில் கீறி ரெயிலில் மாட்டி, டேப் போட்டால் போதும். நுனிக்கும் வாலுக்கும் அட்டை மடித்து, மேலே பபிள் ரேப் நாலு சுற்று. இரண்டு போர்டு என்றால் நடுவே துண்டு.

ஈ.பி.எஸ். (தெர்மாகோல் வகை) ஃபோம் உள்ள எபாக்ஸி போர்டில் டெக்கில், அதாவது மேல்பரப்பில், காற்று வெளியேறச் சின்ன வென்ட் ஸ்க்ரூ இருக்கிறதா பாருங்கள். பறக்கும்போது சரக்கு அறையில் அழுத்தம் சுமார் 2,400 மீட்டர் மலையில் இருப்பது போலக் குறையும். உள்ளே அடைபட்ட காற்று விரிந்து மேல்தோலைத் தூக்கிவிடும். ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டு அனுப்புங்கள், தண்ணீரில் இறங்குமுன் மறக்காமல் இறுக்குங்கள். தானாகக் காற்று விடும் வென்ட் என்றால் தொட வேண்டாம்.

ரெசின், ஹார்டனர், அசிட்டோன் எதுவும் பையில் கூடாது, எரியும் அல்லது அரிக்கும் பொருள். வெயிலில் காயும் ரிப்பேர் ரெசினும் பெரும்பாலும் அப்படியே. ஓட்டை அடைக்க டிங் டேப் எடுத்துக்கொள்ளலாம். பவர்பேங்க், கேமராவின் உபரி பேட்டரி கைப்பையில்.

கவுன்டரில் ‘லிமிடெட் ரிலீஸ்’ டேக்கில் கையெழுத்து கேட்டால் படித்துவிட்டுப் போடுங்கள். பேக்கிங் போதவில்லை, உடைந்தால் நாங்கள் பொறுப்பில்லை என்பதுதான் அதன் சாரம். கவுன்டரிலேயே பையைத் திறந்து பேக்கிங்கைக் காட்டி, அந்த வரியை அடித்து நீக்கச் சொல்லிக் கேட்கலாம்.

இறங்கியதும் போர்டு பெல்ட்டில் வராது, ஓவர்சைஸ் கதவில் வரும். அங்கேயே பையைத் திறந்து பாருங்கள். விரிசல் இருந்தால் ஏர்போர்ட்டை விட்டு வெளியே வருமுன் ஏர்லைன் கவுன்டரில் பி.ஐ.ஆர். என்ற சேதப் பதிவுத் தாளை எழுதி வாங்கி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சர்வதேச விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் ஒப்பந்தப்படி சேதத்துக்கு 7 நாளுக்குள், தாமதத்துக்குப் பை கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும். 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு இழப்பீட்டு உச்சவரம்பு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது சுமார் 2,000 டாலர். பெட்டியும் போர்டும் சேர்த்துத்தான் அந்தத் தொகை. ஆகவே போர்டு வாங்கிய பில்லை மொபைலில் வைத்திருங்கள். பில் இல்லாத போர்டுக்கு ஏர்லைன் சொல்வதுதான் விலை.